வாசகர் கேள்வி – பதில்: டெபியனுக்குப் பங்களிப்பது எப்படி?

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் மடிக்கணினியில் இருப்பது டெபியன் லினக்ஸ் இயங்குதளம். அந்தத் திட்டத்துக்கு ஏதேனும் செய்ய விரும்புகிறேன். ஆனால் நிரல் எழுதுவதில் பெரிய அனுபவம் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாமல் தன்னார்வலர்களின் உழைப்பில் நடந்துவருவது. அதிலுள்ள பல்லாயிரம் மென்பொருள் தொகுப்புகளை வெவ்வேறு பராமரிப்பாளர்களோ சிறு குழுக்களோ கவனித்துக்கொள்கிறார்கள். எனவே திட்டம் முழுவதையும் நினைத்து மலைக்காமல், நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் தொகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் வழு (மென்பொருள் பிழை) கண்டால் முறையாக அறிவியுங்கள். இதுவே முழுமையான பங்களிப்புதான், நிரல் எழுதுவதற்கு முந்தைய எடுபிடி வேலையன்று.

இதற்கென்றே 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி இருக்கிறது. தொகுப்பின் பெயரைக் கொடுத்தால், அதன்மீது ஏற்கெனவே பதிவான வழுக்களை முதலில் காட்டும். பலர் பொறுமையிழந்து தாண்டிப்போகும் அந்தப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். உங்கள் சிக்கல் அதில் இருந்தால், புதிய அறிக்கைக்குப் பதிலாக அந்த வழுவின் எண்ணுக்கே கூடுதல் விவரம் அனுப்புவதே பயன் தரும். தொகுப்பின் பதிப்பு எண்ணையும் அது இயங்கத் தேவையான சார்புத் தொகுப்புகளின் பதிப்புகளையும் கருவியே சேர்த்துவிடும். நிகழ்ந்ததைச் சொல்வது மட்டும் உங்கள் பொறுப்பு. 'பிடிஎஃப் சரியாக வரவில்லை' என்று எழுதினால் பராமரிப்பாளரால் ஒன்றும் செய்ய இயலாது. 'இணைத்துள்ள கோப்பின் இரண்டாம் பக்கத்தை அச்சிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது, திரையில் சரியாகத் தெரிகிறது, முந்தைய பதிப்பில் இச்சிக்கல் இல்லை' என்று எழுதினால் அவர் அன்றே தேடத் தொடங்கலாம்.

வழுவின் கடுமையைக் குறிப்பதிலும் நிதானம் வேண்டும். 'கிரிட்டிக்கல்' என்ற உச்ச நிலை, தொடர்பில்லாத பிற மென்பொருள்களையோ கணினி முழுவதையுமோ முடக்குவது, தரவைப் பெருமளவில் அழிப்பது, பாதுகாப்பு ஓட்டை ஏற்படுத்துவது போன்றவற்றுக்கு உரியது. நமக்கு அவசரம் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இன்னொன்று: நீங்கள் அனுப்பும் அறிக்கை, மின்னஞ்சல் முகவரியுடன், எவரும் பார்க்கும்படி நிலைத்திருக்கும். இதற்கெனத் தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் கணினியில் உள்ள தொகுப்புகளில் எவை பராமரிப்பாளரின்றிக் கைவிடப்பட்டுள்ளன, எந்த வழுக்கள் புதியவர்களுக்கு ஏற்றவை என்று சொல்லும் 'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்' என்ற தொகுப்பையும் நிறுவிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு வழுவுக்குத் திருத்தமும் எழுதி அனுப்பினேன். இரண்டு மாதமாகப் பதிலே இல்லை. விட்டுவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். பராமரிப்பாளர் வேலைக்குப் போய்வந்து, மீதி நேரத்தில் இதைச் செய்பவராக இருக்கலாம். அதே வழு எண்ணுக்குப் பணிவான நினைவூட்டல் ஒன்று அனுப்புங்கள். அதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது, பிழை, மென்பொருளை டெபியனுக்கேற்ற தொகுப்பாக்கியதில் உள்ளதா, மூல மென்பொருளிலேயே உள்ளதா? மூலத்தில் என்றால், அதை எழுதியவர்களிடமே திருத்தத்தைக் கொடுப்பது மேல். அங்கே ஏற்கப்பட்டால் பிற லினக்ஸ் வழங்கல்களுக்கும் போய்ச் சேரும். இரண்டாவது, புதிய பதிப்புகள் முதலில் வந்துசேரும் 'அன்ஸ்டேபிள்' கிளையில் உள்ள பதிப்பிலும் அந்த வழு இருக்கிறதா? திருத்தங்கள் வழக்கமாக முதலில் அங்கே நுழைந்து, சில நாள் கழித்து, அடுத்த வெளியீடாக உருவாகிவரும் 'டெஸ்டிங்' கிளைக்கு நகர்கின்றன. பொதுப் பயன்பாட்டுக்கான 'ஸ்டேபிள்' வெளியீடு வந்த பின் அதில் பாதுகாப்புத் திருத்தங்களையும் கடுமையான வழுக்களுக்கான திருத்தங்களையும் தவிர வேறெதையும் எளிதில் சேர்க்கமாட்டார்கள். புதிய வெளியீட்டுக்கு முந்தைய உறைநிலைக் காலத்தில் 'டெஸ்டிங்'கிலும் ஏறக்குறைய இதே கண்டிப்புதான். இவ்வளவுக்குப் பிறகும் பதில் இல்லையென்றால், பராமரிப்பாளர் அல்லாத வேறொரு டெபியன் உறுப்பினர் அத்திருத்தத்தைப் பதிவேற்ற விதிகளில் இடமுண்டு; வழு கடுமையானதாக இருந்தால் அப்படி ஒருவரை அணுகலாம்.

கேள்வி: மொழிபெயர்ப்பு மட்டும் செய்பவர் முறையான உறுப்பினர் ஆக முடியுமா? ஊதியம் உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: முடியும். தொகுப்பு பதிவேற்றாத பங்களிப்பாளர்களையும் உறுப்பினராக ஏற்க 2010இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுத்தார்கள். ஆண்டுதோறும் நடக்கும் தலைவர் தேர்தலில் அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. டெபியனைக் கணினியில் நிறுவ உதவும் மென்பொருளின் தமிழாக்கமும் இத்தகைய உழைப்பால் வந்ததே. உறுப்பினராக விண்ணப்பிப்பவரின் ஜிபிஜி சாவியில் (மின்னணு முறையில் ஒருவரை அடையாளம் காட்டும் சாவி) ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் கையொப்பமிட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் நேரில் சந்தித்து அடையாளம் பார்த்த பிறகே கையொப்பமிடுவார்கள். 2023இல் டெபியனின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் கொச்சியில் நடந்தபோது நம் பக்கத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அருகிலேயே கிடைத்தது. ஊதியம் கிடையாது, 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்', 'அவுட்ரீச்சி' ஆகிய திட்டங்களில் டெபியன் பங்கேற்கும் ஆண்டுகளில், தேர்வாகிறவர்களுக்கு மட்டும் உதவித்தொகை கிடைக்கும்.