டொராண்டோவில் தெருவோரம் நட்ட சுகர் மேப்பிளின் இலை ஓரம் கருகுவது ஏன்? எப்படி நடலாம்?

பெரும்பாலும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் இறுகிய மண்ணும்தான் காரணம். இந்த மரம் இரண்டையும் தாங்காது. வீட்டின் பின்புறம் நடுங்கள்.

குழியின் அகலம் வேர்க்கட்டியை (வேரோடு ஒட்டிய மண் உருண்டையை)ப் போல இரண்டு மூன்று மடங்கு, ஆழம் அதன் உயரமே போதும். அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைத்துவிட்டால் வேர்கள் தண்டைச் சுற்றி வளர்ந்து நெரிக்கும். பல ஆண்டுகள் கழித்துத்தான் மரம் வாடத் தொடங்கும். மரச்சில்லு மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. போடுங்கள், தண்டில் படாமல்.

வாங்கும்போது இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது நார்வே மேப்பிள். ஐரோப்பிய மரமான அது ஒன்டாரியோ காடுகளில் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது, தயவுசெய்து நடாதீர்கள்.

மரத்தின் நிழலில் வெள்ளை டிரில்லியம் என்ற காட்டுப்பூச் செடி அழகாக வரும். விதையிலிருந்து பூக்க 7 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம், காட்டில் தோண்டினால் அந்த இடம் எளிதில் மீளாது என்பதால், காட்டில் தோண்டியதை வாங்காமல் நாற்றங்காலில் வளர்த்ததையே கேட்டு வாங்குங்கள்.