'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் குழந்தைகள் வெகுளித்தனத்தை இழப்பது என்றால் என்ன?

பெரியவர்கள் நியாயமாகத்தான் நடப்பார்கள் என்று குழந்தை நம்புகிறது. அந்த நம்பிக்கை உடைவதுதான் இது.

ஹார்ப்பர் லீயின் இந்த நாவல் 1960-ல் வந்தது. கதை நடப்பது 1930-களின் அலபாமாவில். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் மீது பொய்யான பாலியல் வன்முறை வழக்கு. புகார் சொன்ன பெண்ணுக்கு முகத்தின் வலப்பக்கம் காயம், அதாவது அடித்தவர் இடதுகைக்காரராக இருக்கவே வாய்ப்பு. டாமின் இடதுகையோ சிறுவயதிலேயே பருத்தி ஜின்னிங் மெஷினில் சிக்கி வீணாய்ப் போனது. டாமுக்காக வாதாடும் வக்கீலின் மகன், 12 வயது ஜெம்முக்கே இது புரிகிறது. ஆனால் வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி (தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழு), நிறத்தைப் பார்த்துக் 'குற்றவாளி' என்கிறது. நீதிமன்ற மாடியின் கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடித்தபடி ஜெம் அந்தத் தீர்ப்பைக் கேட்கிறான். விளையாட்டில் நடுவரே எதிரணிக்கு ஆடுகிறார் என்று தெரிந்த சிறுவனின் நிலை அது.

அப்புறம், இந்த இழப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரேமாதிரி வருவதில்லை. டாமின் பிள்ளைகளுக்கு அந்த நீதிமன்றத்தை நம்பி வளரும் வாய்ப்பே கிடைக்கவில்லை.