"ஏதோ இடிக்குது" என்றால் எங்கே என்று கண்டுபிடிக்க

போஸ்டரைப் பார்த்த நண்பர் "ஏதோ இடிக்குது" என்று மட்டும் சொன்னார், எதைத் திருத்துவது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடிப்பது அந்த மஞ்சள் எழுத்துதான். வெளிர் சாம்பல் பின்னணியில் தேதியும் நேரமும் கரைந்து போகின்றன. ஒரு நகலைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். திரையில் படிக்கும் சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி (பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க ஏற்றபடி அமைப்பதற்கான வழிகாட்டி). அடர் நீலம் போட்டால் எளிதில் தாண்டிவிடும்.

இடது ஓரத்தில் விட்டிருக்கும் வெற்றிடத்தை மட்டும் தொடாதீர்கள். முழுப் படமும் அங்கேதான் மூச்சு விடுகிறது.

அப்புறம், அடுத்த முறை "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். மூன்று விநாடி காட்டிவிட்டு மறைத்து, "என்ன நிகழ்ச்சி, எப்போது?" என்று கேளுங்கள். அவர் எதைச் சொல்லத் தடுமாறுகிறாரோ அங்கேதான் வேலை இருக்கிறது. நண்பர்மேல் வருத்தம் வேண்டாம். அவர் கண்ணுக்கு உறுத்தியது உண்மை, காரணம் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். திருத்தியதும் போடுங்கள், பார்க்கிறேன்.