பளபளப்புக்கு 6,500 வெள்ளியா?

கேள்வி: 1930களில் கான் கம்பெனி செய்த 20கே மாடல் சூசாஃபோன் (உடலைச் சுற்றித் தோளில் மாட்டி ஊதும் பெரிய பித்தளைக் கொம்பு) ஒன்று அமெரிக்காவில் ஒஹாயோவில் விலைக்கு வந்திருக்கிறது. வெள்ளி முலாம் போட்டது. நம் சிங்கப்பூர்க் காசுக்கு 2,100 வெள்ளி சொல்கிறார்கள். விரலால் அழுத்தும் மூன்று வால்வில் இரண்டாவது இறுகிக் கிடக்கிறது. மவுத்பீஸ் செருகும் கழுத்துக் குழாயும் இல்லை. இங்கே ஒரு தரகர், தானே வரவழைத்து, பாலிஷ் போட்டுப் புத்தம் புதிதாக்கி 6,500 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: கொம்பு தேறலாம். தரகரின் திட்டம் தேறாது. அவர் பட்டியலில் பாலிஷ் முதலில் நிற்கிறது, வால்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவ்வளவு பெரிய கொம்பில் காற்று கசியாமல் நிற்பது வால்வு மூன்றையும் நம்பித்தான்.

வெள்ளி கறுத்திருப்பது ஒரு குறையே அல்ல. பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் முதலில் முலாம் போகும், அடுத்து பெல்லில் (கொம்பின் விரிந்த வாயில்) செதுக்கிய பூவேலை மழுங்கும், கடைசியில் தகடே மெலியும். அந்தத் தகட்டின் கனம் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோமே என்று இதிலும் கை வைத்துவிடாதீர்கள். விளக்கு கனத்த வார்ப்பு, தாங்கும். கொம்பு தாங்காது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, உள்ளே விட நீளமான, வளையும் தூரிகை, வெள்ளிக்கென்று விற்கும் துணி: இவை போதும். முலாம் போன இடத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போனதன் அடையாளம் அது. பாலிஷ் அதை மறைக்கும், ஆற்றாது.

வால்வுக்கு வருவோம். இரண்டாவது வால்வு மட்டும் இறுகியிருக்கிறது என்பது முக்கியமான துப்பு. எண்ணெய் காய்ந்து இறுகியிருந்தால் பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இறுகும். இரண்டாவது மட்டும் என்றால், அதன் ஸ்லைடு (வால்வோடு சேர்ந்த, வெளியே இழுக்கக்கூடிய வளைகுழாய்) எங்கோ மோதி, அந்த இடி வால்வின் உறையை உள்ளே தள்ளியிருக்கலாம். ஸ்லைடைப் பக்கவாட்டில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கோணியிருந்தால் தெரிந்துவிடும். சுத்தியலோ திருப்புளியோ வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டாம் என்று விற்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வால்வின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஊடுருவும் எண்ணெய் சில சொட்டு விட்டு இரண்டு மூன்று நாள் வைக்கலாம். அதற்கு மேல் பழுதுபார்ப்பவர் வேலை.

மற்ற இரண்டையும் வீடியோவில் சோதிக்கலாம். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை மூன்று சென்டிமீட்டர் வெளியே இழுக்க வேண்டும். ஐந்து விநாடி கழித்து வால்வை அழுத்தினால் ‘பொப்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால், உறைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம். தேய்ந்திருந்தால் முலாம் ஏற்றி உறைக்குத் தக்கபடி இழைத்துப் பொருத்த வேண்டும், செலவு கூடிய வேலை. வேறு கொம்பின் பிஸ்டனைப் போட்டுவிடலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். 20கேயின் வால்வுகள் குட்டை ஓட்டமும் தடித்த பிஸ்டனும் கொண்டவை, அதிலும் ஒவ்வொரு பிஸ்டனும் அதனதன் உறைக்கென்று இழைத்தது. இந்த வேலையைக் கொம்பு கப்பலேறுமுன் அங்கேயே முடித்துவிடுவது நல்லது.

கழுத்துக் குழாய் இல்லாத பழைய சூசாஃபோன், சீவாளி இல்லாத நாகஸ்வரம். கழுத்தும், அதோடு சேரும் இரண்டு வளைவுத் துண்டுகளும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு. அதனால் ‘கழுத்து இல்லையா, தொடாதே’ என்பதுதான் பொது விதி. உங்களுடையது விதிவிலக்கு. 20கேயை கான்-செல்மர் நிறுவனம் இன்றும் செய்கிறது, ஆகவே கழுத்தும் துண்டுகளும் புதிதாக வாங்கலாம். ஆனால் அந்தப் பழைய கொம்பு உண்மையிலேயே 20கேதானா? வால்வு உறையில் அடித்திருக்கும் சீரியல் எண்ணையும், மாடல் குறி இருந்தால் அதையும் தெளிவாகப் படமெடுக்கச் சொல்லுங்கள். அதே கம்பெனியின் வேறு மாடலாக இருந்தால் இந்த விதிவிலக்கை மறந்துவிடுங்கள். கழுத்து செருகும் வாய் நசுங்கி நீள்வட்டமாகியிருந்தால் புதுக் கழுத்தும் உட்காராது. ஆகவே அந்த வாயின் உள்விட்டத்தை இரண்டு திசையிலும் கேலிப்பரால் அளந்து வாங்குங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பெல் சேரும் வளையத்தையும் அதன் மூன்று திருகுகளையும் அப்படியே பாருங்கள்.

இனி, தரகர்கள் காசு பார்க்கும் இடம். கூரியர்காரர்கள் எடை, பெட்டி அடைக்கும் இடம் இரண்டையும் கணக்கிட்டு, எது கூடுதலோ அதற்குப் பணம் வாங்குகிறார்கள். உடல் பெட்டி 100×70×60 சென்டிமீட்டர் என்றால், வழக்கமான கணக்கில் 5,000ஆல் வகுத்து 84 கிலோ. பெல் பெட்டி 75×75×60, அது 67.5 கிலோ. இருபது கிலோகூட இல்லாத பித்தளைக்கு 151.5 கிலோ கட்டணம்! கடல்வழி மலிவு. இரண்டு பெட்டியும் சேர்ந்து ஒரு கன மீட்டருக்குள் அடங்கும், குறைந்தபட்சக் கட்டணமும் பெரும்பாலும் அந்த ஒரு கன மீட்டருக்குத்தான். ஆனால் கப்பல் கட்டணத்தை மட்டும் காட்டிவிட்டு, சரக்கு இங்கே வந்திறங்கியதும் ஆவணம், கிடங்கு, கையாளுதல் என்று தனித்தனியாக நீட்டுவார்கள். வீட்டு வாசல் வரைக்குமான மொத்தத் தொகையை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இசைக்கருவிக்குச் சுங்கத் தீர்வை கிடையாது, ஜிஎஸ்டி 9 விழுக்காடு உண்டு. அதுவும் பொருள் விலைக்கு மட்டுமல்ல, சரக்குக் கட்டணத்துக்கும் காப்புறுதிக்கும் சேர்த்து. பொருள் 2,100, மற்றவை 1,400 என்று வைத்தால் 3,500க்கு 315 வெள்ளி. தொண்ணூறு வயதுக் கொம்புக்கும் புதுத் தொலைக்காட்சிக்கும் ஒரே கணக்கு போடுவது எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்டிவிடுங்கள். ‘வரி வராதபடி விலையை 400 வெள்ளிக்குள் காட்டிவிடுகிறேன்’ என்று தரகர் கண் சிமிட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். விலையைக் குறைத்துக் காட்டுவது குற்றம், இறக்குமதியாளர் என்று உங்கள் பெயர் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வழியில் பெல் நசுங்கினால் காப்புறுதியும் அந்த 400க்கு மேல் தராது.

விற்பவரிடம் பெல்லைத் தனிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். விளிம்பு பெட்டியின் சுவரைத் தொடக்கூடாது, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் நுரை வேண்டும். உடலின் வளையங்களுக்கு நடுவிலும் நுரை அடைக்க வேண்டும். மூன்று திருகுகளையும் கழற்றிப் பையில் போட்டு உடலோடு கட்டச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் அவை பக்கத்துக் குழாயில் குத்தி நசுக்கிவிடும்.