33 அங்குல டயருக்கு பின் ஆக்சில்

நண்பரே, பழைய ஜீப் செரோக்கியில் 33 அங்குல டயர் போட, அதிலுள்ள டானா 35 மாடல் பின் ஆக்சிலை (பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) வலுப்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் பணம் போடாதீர்கள். அது சி-கிளிப் வகையாக (சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டை உள்ளே ஒரு சி வடிவ கிளிப் பிடித்திருக்கும் வகை) இருந்தால், ஷாஃப்ட் உடையும்போது சக்கரமும் சேர்ந்து வெளியே வந்துவிடலாம்.

அதற்குப் பதிலாக 1995–2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 பின் ஆக்சிலைத் தேடுங்கள் (8.8 என்பது உள்ளே இருக்கும் ரிங் கியரின் விட்டம், அங்குலத்தில்). அதிலும் சி-கிளிப்தான், ஆனால் 31 ஸ்ப்ளைன் (முனையில் 31 பல் வரிகள்) கொண்ட ஷாஃப்ட் நல்ல தடிமன். பின் டிஸ்க் பிரேக்கும் கூடவே வரும், சக்கர போல்ட் அமைப்பும் செரோக்கியில் உள்ள அதேதான். ஸ்பிரிங் பெர்ச்சை (ஸ்பிரிங் உட்காரும் தாங்கி) புதிதாக வெல்டு செய்ய வேண்டும். பினியன் கோணத்தை (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் முனையின் சாய்வு) பார்க்காமல் முழு வெல்டு வைத்துவிடாதீர்கள். நான் வைத்துவிட்டு மறுபடி வெட்டினேன்!

அப்புறம் கியர். இப்போது 28 அங்குல டயரில் ஆக்சில் கியர் விகிதம் 3.55 என்றால், 33 அங்குல டயரில் பழைய இழுவைக்கே 4.18 தேவை. பாறை ஏற 4.56 நல்லது. நான்கு சக்கர இயக்கம் என்றால் முன் ஆக்சிலிலும் அதே விகிதம் கட்டாயம்.