சிசேரியனுக்குப் பிந்திய நோவுக்கான மருந்து ஆய்வில் இரு குழுவுக்கும் நோப் புள்ளி ஒரே மாதிரி வருகிறது என்றவருக்கு

படுத்திருக்கையில் கேட்ட நோப் புள்ளியை (எவ்வளவு நோகிறது என்று தாய் 10க்குச் சொல்லும் எண்) முதன்மை அளவாக, அதாவது ஆய்வின் முடிவைத் தீர்மானிக்கும் அளவாக, வைக்காதீர்கள்; இருமும்போதும் எழும்பும்போதும் கேட்டதை வையுங்கள். சிசேரியன் நோ ஆய்வில் எல்லாருக்கும் 10க்கு 2, 3 என்றே வருவது பெரும்பாலும் இதனால்தான். முள்ளந்தண்டு ஊசியில் மோர்பின் சேர்த்திருந்தால் 24 மணிநேரம் வரைகூட, அசையாமல் கிடப்பவருக்குப் பெரிதாக நோகாது.

ரவுண்ட்ஸ் நேரத்தில் கேட்பதும் வீண். பெரிய டொக்டருக்கு முன்னால் எங்கட அம்மாமார் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள்.

ரவுண்ட்ஸ் முடிந்தபின், பிள்ளைக்குப் பால் கொடுக்க எழும்பும் நாலைந்து பேரிடம் அந்த இடத்திலேயே கேட்டுப் பாருங்கள். புள்ளி ஏறினால், பிழை கேட்ட விதத்தில்தான், மருந்தில் இல்லை.

ஆனால் முதன்மை அளவை ஆய்வின் இடையில் மாற்றுவதென்றால் முதலில் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்திருந்தால் அங்கும் திருத்துங்கள். பழைய தரவைப் புதியதோடு கலக்கவே வேண்டாம்.