பழைய லேப்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி?

கேள்வி: கடலூரில் இருக்கிறேன். 1 டிபி ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது. புதுச்சேரி போய் எந்த எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) வாங்கலாம்?

பதில்: விண்டோஸில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100% காட்டினால் குற்றவாளி அதுதான். ராம் 4 ஜிபிதான் என்றால் அதையும் 8 ஆக்குங்கள்.

பஸ் ஏறும் முன் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். 2.5 அங்குல டிஸ்க் மட்டும் இருந்தால், 7 மிமீ தடிமனுள்ள சாட்டா (பழைய ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே இணைப்பு) எஸ்எஸ்டி வாங்குங்கள். அதன் வேகம் நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். கவலை வேண்டாம், சிதறிக் கிடக்கும் குட்டி ஃபைல்களைச் சட்டென்று எடுப்பதில்தான் வித்தியாசம் தெரியும். எம்.2 ஸ்லாட் (மெல்லிய கார்டு வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அவசரப்படாதீர்கள். சில பழைய மாடல்களில் அது சாட்டா எம்.2 மட்டுமே ஏற்கும். என்விஎம்ஈ (சாட்டாவைவிட வேகமான வகை) கார்டு உள்ளே உட்கார்ந்தாலும் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) தெரியாது. மாடல் எண்ணைப் போட்டு உறுதி செய்யுங்கள். கார்டைப் பிடிக்கும் பொடி ஸ்க்ரூ பல லேப்டாப்பில் இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

500 ஜிபி போதும், பழையதில் நிரம்பிய அளவு அதற்குள் அடங்கினால். புதிய எஸ்எஸ்டியை யுஎஸ்பி-சாட்டா கேபிளில் மாட்டி, பழைய டிஸ்கை அப்படியே அதில் நகலெடுங்கள் (குளோன்). பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதி) இருந்தால் முதலில் நிறுத்துங்கள். மாற்றும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கடற்காற்றில் கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள்.